தனியாக் கேட்டா நல்லாத்தான் இருக்கும்

வாங்க சார், வாங்க. செருப்பை உள்ளயே விடுங்க, வெளில விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். பட்டுக்கோட்டைலேர்ந்தா? ரெண்டு பஸ் மாறியா? அடடா. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. டீ போட்டு ஃப்ளாஸ்க்ல ஊத்தி வெச்சிருக்கேன். நீங்க நாலு மணின்னு சொன்னீங்க, நான் மூணு மணிக்கே போட்டுட்டேன்.

கிட்டாருக்குச் சத்தம் குடுக்கற பெட்டிதானே? இதோ, துணி போட்டு மூடி வெச்சிருக்கேன். பாருங்க, ஒரு கீறல் கிடையாது. காட்டறேன், காட்டறேன், அவசரப்படாதீங்க. ஒரு பொருளை வாங்கறதுக்கு முன்னாடி அது இருந்த வீட்டைப் பத்தித் தெரிஞ்சிக்கணுமா இல்லையா? பொண்ணு பாக்கப் போனாக்கூட அரை மணி நேரம் பேசத்தானே செய்றோம். உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்துட்டுப் போனாங்க. நல்ல மனுஷங்க. அரியலூர்க்காரர் ஒருத்தர் மூணு மணி நேரம் இருந்தாரு. எனக்கென்னவோ அவங்க கையில குடுக்க மனசு வரல. நீங்க சயின்ஸ் வாத்தியார்ங்கறீங்க, சர்ச் பாடகர் குழுவுல கிட்டார் வாசிக்கறேங்கறீங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியும்.

என் பேரு செலஸ்டின். இந்தப் பொன்மலை ஒர்க்‌ஷாப்லதான் ஃபிட்டர். ஆனா எவனும் என்னை ஃபிட்டர் செலஸ்டின்னு சொல்ல மாட்டான், கிட்டார் செலஸ்டின்னுதான் சொல்லுவான். இருவத்தாறு வருஷம் சார், ஒரே குழு. கீபோர்டு வாசிக்கிற கிருபாகரன்தான் அதுக்குத் தலைவர். திருச்சியச் சுத்தி எந்த ஊர்ல திருவிழா, தேர்பவனி, கல்யாண வரவேற்புன்னாலும் எங்க குழு இருக்கும். தை பொறந்தா ஆவணி முடியற வரைக்கும் சனி ஞாயிறு வீடு தங்க மாட்டேன்.

அப்ப என்கிட்ட கிட்டார் சத்தத்தைப் பெருசாக்கற ஒரு பழைய ஆம்ப் இருந்துச்சு. உள்ளூர்ல செஞ்சது, மரப்பெட்டி, முன்பக்கத் துணி கிழிஞ்சு ரெஜினாவோட பழைய சேலையை வெட்டி ஒட்டியிருந்தோம். ரெஜினா என் சம்சாரம். அந்தப் பெட்டி என்ன கனம் தெரியுமா? ஸ்கூட்டர் பின்னாடி அவ உக்காந்து மடியில வெச்சுப் பிடிச்சிக்குவா. லால்குடி, முசிறி, மணப்பாறை, எங்கன்னாலும் அப்படித்தான். போற வழியெல்லாம் "கால் மரத்துப் போச்சு, கால் மரத்துப் போச்சு"ன்னு புலம்பிக்கிட்டே வருவா. அப்பறம் முன் வரிசையில உக்காந்துக்குவா. வீட்லயும் அப்படித்தான், நான் இந்த அறையில வாசிச்சா அடுப்படிலேர்ந்து கத்துவா. "சத்தத்தைக் குறைங்க, குக்கர் விசில் எண்ண முடியல." சில நேரம் "ஏங்க, இப்ப வாசிச்சீங்களே, அது நல்லாருக்கு, இன்னொரு தரம் வாசிங்க"ன்னும் சொல்லுவா. அவளுக்கு சங்கீதம் ஒண்ணும் தெரியாது சார். சும்மா சொல்லுவா.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழில இந்தப் பெட்டிய வாங்கினேன். பழசைக் கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன். இதைத் தோள்பையில போட்டுக்கலாம். அவ கூட வரவே தேவையில்ல, அலைச்சல் மிச்சம். சொன்னப்ப அவ எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. சந்தோஷத்துல பாயசம் வெக்கப் போறான்னு நெனச்சேன்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். உலகத்துல உள்ள பெரிய பெரிய ஆம்ப்போட சத்தத்தையெல்லாம் இந்தக் கையளவு பெட்டிக்குள்ள கம்ப்யூட்டர் கணக்கா ஏத்தி வெச்சிருக்கான். எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு முன்னாடி மைக்கை எங்க வெக்கணும், எல்லாத்தையும் திருகித் திருகி நாமளே முடிவு பண்ணலாம். கீழ் சத்தமான பேஸ் எவ்வளவு, நடுச் சத்தமான மிடில் எவ்வளவு, மேல் சத்தமான ட்ரெபிள் எவ்வளவு, எதிரொலி எவ்வளவு. பிடிச்ச மாதிரி வந்தா அதை ஒரு நம்பர் போட்டு சேவ் பண்ணிக்கலாம். நூத்தி இருபத்தெட்டு இடம் இருக்கு. நூத்தி இருபத்தெட்டையும் நான் நிரப்பிட்டேன்.

எல்லாத்தையும் இந்த ஹெட்போன்லதான் செஞ்சேன். நல்ல ஹெட்போன் சார், காதை முழுக்க மூடிக்கும். மாட்டினா உலகமே கிடையாது. வேலை விட்டு வந்து உக்காந்தா இருட்டற வரைக்கும், லீவு நாள்னா முழு நாளும். பேஸைக் கூட்டினேன், அடிவயித்துல இறங்குச்சு. மிடிலைக் குறைச்சேன். ஏன்னா மிடில் ஜாஸ்தியானா மூக்கால பாடற மாதிரி இருக்கும், அது எனக்குப் பிடிக்காது. எதிரொலியக் கூட்டினேன், பெரிய கோயில்ல தனியா நின்னு வாசிக்கற மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு கம்பியத் தட்டினாப் போதும், எனக்கே கண்ணு கலங்கிடும். அப்படி ஒரு சத்தம். என் வாழ்நாள்ல என் கையிலேர்ந்து அப்படி வந்ததே கிடையாது.

இந்த வேலைக்கு நடுவுல யாரும் குறுக்க வரக்கூடாது, அதுதான் முக்கியம். ஒரு தடவை ரெஜினா பின்னாடி வந்து தோளைத் தொட்டா. நான் திடுக்குன்னு திரும்பினதுல கை பட்டு, சேவ் பண்ணாத செட்டிங் போயிருச்சு. மூணு நாள் உழைப்பு சார்! கத்திட்டேன். யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க. அதுக்கப்பறம் அவ தொடறதில்ல. புரிஞ்சிக்கிட்டா.

தை மாசம், முதல் கச்சேரி, சமயபுரம் பக்கத்துல ஒரு ஊர். எங்க குழுவுல ஒரு பழக்கம் உண்டு. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அறிவிப்பாளர் ஒவ்வொருத்தர் பேரா சொல்லிக் கூப்பிடுவாரு. பேரு சொன்னதும் அவங்க மட்டும் தனியா கொஞ்ச நேரம் வாசிச்சுக் காட்டணும். "கிட்டார், செலஸ்டின்!"னாரு. நான் இருவத்தேழாம் நம்பரை அமுக்கி வாசிச்சேன். சார், அப்படி ஒரு கைத்தட்டல்! முன்னாடி நின்னுக்கிட்டிருந்த பஞ்சாயத்துத் தலைவர் விசிலடிச்சாரு. கிருபாகரனே திரும்பிப் பாத்தான்.

அப்பறம் பாட்டு ஆரம்பிச்சுது. ட்ரம்ஸ் வந்துச்சு, பேஸ் கிட்டார் வந்துச்சு, கிருபாகரன் ரெண்டு கையாலயும் கீபோர்டை அமுக்கினான். என்னைக் காணோம். விரல் ஓடுது, கம்பி அதிருது, சத்தத்தைக் காணோம். கூட்டத்துக்கும் கேக்கல, எனக்கே கேக்கல.

இதுல யோசிக்க என்ன இருக்கு? தனியா வாசிச்சப்ப கேட்டுச்சு. எல்லாரோடயும் சேந்து வாசிச்சாக் கேக்கல. அப்ப பாட்டு ஆரம்பிச்சதும் எவனோ என்னைக் குறைக்கறான்னுதானே அர்த்தம்? சவுண்டு பாக்கறது சையது. நம்ம கண்ணு முன்னாடி வளந்தவன். கச்சேரி முடிஞ்சதும் போய்ச் சண்டை போட்டேன். "அண்ணே, உங்க லீவரைப் பாருங்கண்ணே, உச்சில இருக்கு. இதுக்கு மேல தூக்க இடமே இல்ல"ன்னு காட்டினான். உச்சிலதான் இருந்துச்சு. நான் வர்றதைப் பாத்துட்டுத் தூக்கி வெச்சிருப்பான்.

நானும் சும்மா இருக்கல. வீட்டுக்கு வந்து இன்னும் திருத்தினேன். பேஸ் பத்தலியோன்னு கூட்டினேன். எதிரொலி பத்தலியோன்னு கூட்டினேன். ஹெட்போன்ல கேட்டா முன்னாடியவிட அமிர்தமா இருக்கும். மேடைக்குப் போனா முன்னாடியவிடக் காணாமப் போயிருவேன். மாசி பூரா இப்படியே. கிருபாகரன் ஒரு நாள் வேன்ல சொன்னான். "டேய் செலஸ்டின், நீ கீழ நிரப்பற இடத்துல பேஸ்காரன் இருக்கான். மேல நிரப்பற இடத்துல நான் இருக்கேன். உன் இடம் நடுவுலடா. நடுவைத் திறந்து விடு, கேக்கும்"னான். பாத்தீங்களா? என்னை மூக்கால பாட வெக்கப் பாக்கறான். அவனோட கீபோர்டு மேல கைத்தட்டல் விழணும்னு ஆசை.

ரெஜினாகிட்டயாவது நியாயம் கிடைக்கும்னு பங்குனில துவாக்குடி கச்சேரிக்கு அவளைக் கூட்டிட்டுப் போனேன். அதே முன் வரிசை. திரும்பி வர்றப்ப ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்திருந்தா, மடி காலியா. "எப்படி இருந்துச்சு?"ன்னேன். அவ சொன்னா, "உங்க பேரைச் சொன்னப்ப நல்லாருந்துச்சு. அப்பறம் எனக்கு உங்க கிட்டாரே கேக்கலங்க. வீட்லதான் கேக்கறதில்ல, அங்கயாவது கேக்கும்னு வந்தேன்." கட்டின பொண்டாட்டி சார்! சையது பேசற அதே பேச்சைப் பேசறா. பத்து நாள் அவகூட முகம் குடுத்துப் பேசல. ஹெட்போனைக் கழட்டினாத்தானே பேசறதுக்கு.

இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா? குடிங்க சார். ஆறிப்போச்சோ?

சித்திரை கடைசில ஓசூர்ல என் மகளுக்குப் பிரசவம். ரெஜினா கிளம்பிப் போனா. எப்படிப் போனா தெரியுமா? நான் அன்னிக்கு அம்பத்தி நாலாம் நம்பர்ல இருந்தேன். மத்தியானம் மூணு மணிக்கு ஹெட்போனைக் கழட்டி "ரெஜினா, டீ"ன்னேன். பதில் இல்ல. வீடு பூராத் தேடினேன். சாப்பாடு மேசையில மூடி வெச்சிருந்துச்சு, பக்கத்துல வீட்டுச் சாவி. போன் போட்டாக் கரூர் தாண்டிட்டேங்கறா. "சொல்லிட்டுத்தானே வந்தேன், தலையாட்டினீங்களே"ங்கறா. சார், நான் தலையாட்டறது பாட்டுக்கு! ஒரு வார்த்தை, தோளைத் தொட்டுச் சொல்லியிருக்கலாமா இல்லையா?

மூணு மாசத்துல வர்றேன்னா. பதினோரு மாசம் ஆச்சு. கொழந்தை கொஞ்சம் ஒல்லியா இருக்காம், அதான். வேற ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு டாண்ணு போன் பண்ணிடுவா. "சாப்ட்டீங்களா?" "சாப்ட்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." "வெச்சிடவா?" "ம்." தினமும் பேசறோம், ஒரு நாள் தவறினது கிடையாது.

குழுவுலயும் என்னைப் போகச் சொல்லல. அதையும் சொல்லிடறேன், நாளைக்கு நீங்க வேற மாதிரி கேள்விப்படக்கூடாது. கூப்பிடல, அவ்வளவுதான். ஆடில ஒரு கச்சேரிக்குக் கூப்பிடல. ஆவணில மாதா கோயில் திருவிழா, இந்தா இருக்கற கிரவுண்டுல, இருவத்தாறு வருஷமா நான் வாசிச்ச கிரவுண்டு. போஸ்டர்ல என் பேர் இல்ல. கிட்டார் பிட்டையெல்லாம் கிருபாகரன் கீபோர்டுலயே வாசிச்சுட்டான். இந்த ஜன்னல் வழியாக் கேட்டுச்சு. எழுந்து ஜன்னலைச் சாத்திட்டு ஹெட்போனை மாட்டிக்கிட்டேன். அழுதேன் சார். உங்ககிட்ட என்ன மறைக்கறது, அழுதுக்கிட்டேதான் வாசிச்சேன். அன்னிக்கு வந்த சத்தம் இருக்கே, தொண்ணூத்தி ஒண்ணாம் நம்பர், அதை இந்த உலகத்துல என்னைத் தவிர ஒருத்தன் கேட்டதில்ல.

கேக்கறீங்களா? இந்தாங்க, மாட்டிக்கங்க. நான் வாசிக்கறேன்.

எப்படி? நல்லாருக்கில்ல? பாத்தீங்களா, உங்க முகமே மாறுது. நான் சொன்னா எவன் நம்பறான்! என்னது? எனக்கா? எனக்கு இப்ப கேக்கல, நீங்க மாட்டியிருக்கீங்களே. ஒரு ஹெட்போன்தான். இன்னொண்ணு வாங்கற தேவை வரல.

ஸ்பீக்கரா? ஸ்பீக்கர் இருக்கு, டிவிக்குக் கீழ. ரெஜினா சீரியல் பாக்கறது. அவ போனதுலேர்ந்து போடல, தூசியா இருக்கும். எதுக்கு சார்? உங்க போன்ல பாட்டா? ஓ, கிட்டார் இல்லாம ட்ரம்ஸும் பேஸும் கீபோர்டும் மட்டும், சர்ச்ல பழகறதுக்கு வெச்சிருக்கீங்களா? சரி, போடுங்க. இந்த ஒயரை இதுல சொருகுங்க. அதுல பெட்டிய மாட்டறேன். என்ன சுருதி? சரி சரி, பிடிச்சிட்டேன்.

ம்.

காணோம் சார். பாத்தீங்களா? இதைத்தான் சொல்றேன். இங்க சையது கூட இல்ல.

ஐயையோ, அதை எதுக்குத் திருகறீங்க? அது பேஸ், அதைக் குறைக்காதீங்க, உசிரே அதுலதான் இருக்கு. எதிரொலியையுமா? முழுசாவா? சார், மிடிலைத் தொடாதீங்க, சொல்றேன்ல, மூக்கால பாடும். கடிகார முள்ளு கணக்கா பத்து மணில நின்ன திருகை ரெண்டு மணிக்குக் கொண்டு போயிட்டீங்களே. தகர டப்பா மாதிரி இருக்கே சார், என் கிட்டாரா இது? தனியாக் கேட்டா ஒரு நிமிஷம் கேக்க முடியாது. சரி, பாட்டைப் போடுங்க, போட்டுப் பாத்துட்டு நீங்களே மாத்தப் போறீங்க.

சார்.

சார், கேக்குது. நான் கேக்கறேன். ட்ரம்ஸும் இருக்கு, கீபோர்டும் இருக்கு, நடுவுல நான் இருக்கேன். நிறுத்தாதீங்க, இன்னொரு தரம் ஓட விடுங்க. இதைத்தான் கிருபாகரன் சொன்னானா? இல்ல இல்ல, அவன் வேற மாதிரி சொன்னான். அவன் வேன்ல சொன்னான், சத்தத்துல எனக்கு... அவன் இதைத்தான் சொன்னான் சார்.

போன் அடிக்குதே, மணி ஆறாயிருச்சா? ரெஜினாதான். கை ரெண்டும் கிட்டார்ல இருக்கு, நீங்களே எடுங்க, அந்தப் பச்சையத் தள்ளி ஸ்பீக்கர்ல போடுங்க. பாட்டு ஓடட்டும்.

ரெஜினா? ரெஜினா, இருக்கியா? ஆமா, நான்தான். டிவி இல்ல, நான்தான் வாசிக்கறேன். ஆமா, வெளில கேக்கற மாதிரிதான். ஒரு சார் வந்திருக்காரு, பட்டுக்கோட்டைலேர்ந்து. ம்... தெரியல. ஏன் அப்படிக் கேக்கற? ம். கொழந்தை அழுவுதா? சரி. மாத்திரை போட்டேன். நாளைக்குப் பேசு.

வெச்சிட்டா.

என்ன கேட்டான்னு உங்களுக்கும் கேட்டுச்சில்ல? வழக்கமா ஒரு நிமிஷம்கூடப் பேச மாட்டா, இன்னிக்குப் பாட்டு முடியற வரைக்கும் வெக்கல. அப்பறம் கேக்கறா, "யாராவது வந்திருக்காங்களா, வெளில கேக்கற மாதிரி வாசிக்கறீங்களே"ங்கறா. ஆமான்னா, "அவர் போனப்பறமும் இப்படியே வாசிப்பீங்களா?"ங்கறா. தெரியலன்னுட்டேன் சார். இருவத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், அதுவும் வரல.

ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கணுமா? இருங்க, ஒரு நிமிஷம். ரெண்டு பஸ் மாறி வந்தவர்கிட்ட உண்மையச் சொல்லிடறேன். பெட்டி விக்கறதுக்கு இல்ல சார். எப்பவுமே இல்ல. வீடு ரொம்ப அமைதியா இருக்கற வாரம் விளம்பரம் போடுவேன். யாராவது வருவாங்க. டீ போடுவேன். அவங்க போனதும் விளம்பரத்தை எடுத்துருவேன். என்னை மன்னிச்சிருங்க. தப்புதான், தெரிஞ்சேதான் செஞ்சேன்.

நீங்க வெச்ச செட்டிங்கை அப்படியே விட்டுட்டுப் போங்க, திருப்பாதீங்க. சேவ் பண்றதுக்கு எந்த நம்பரை அழிக்கறதா? தொண்ணூத்தி ஒண்ணை அழிங்க. யோசிச்சுத்தான் சொல்றேன், அழிங்க.

வெறுங்கையோட போகாதீங்க. இந்தாங்க, இந்த ஹெட்போனை எடுத்துக்கங்க. விலையெல்லாம் வேணாம், பையில போடுங்க. சீக்கிரம் போடுங்க சார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே ஸ்கூட்டர்ல கொண்டு வந்து விடறேன்.

ஒண்ணு மட்டும். உங்க நம்பர் என்கிட்ட இருக்கு. நாளைக்கோ நாளன்னிக்கோ நானே போன் பண்ணி ஹெட்போனைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பேன். குடுக்காதீங்க.